தாச்சி

ஜனவரி. வின்னிபெக்கில் மைனஸ் முப்பத்தொன்று.
என் பேஸ்மென்ட்டில் என்னோடு பத்துப் பேர்;
வாசலில் பதினெட்டுப் பனிச் சப்பாத்துகள்
ஒன்றின் மேல் ஒன்றாய் உருகுகின்றன.
மாதத்தின் முதற் சனி. சீட்டுக் கூறும் நாள்.

ஆளுக்கு ஐந்நூறு டொலர், பத்து மாதம்.
முதற் சீட்டு எனக்கு, கழிவில்லாமல்,
தாச்சி என்பதால்.
தோழர் இராசநாயகம் இதைத்தான்
மத்திய குழு என்பார்.
சிரித்துக்கொண்டே தேத்தண்ணி ஊற்றுவேன்.
கொப்பியும் பேனையும் என் கையில்தானே.

மிச்ச மாதமெல்லாம் ஏலம்.
யாருக்கு அவசரமோ அவர் கூடக் கழிப்பார்;
கழித்ததைப் பத்தாய்ப் பங்கு போடுவோம்.
போன வருசம் மரிசெல் வீட்டுக் கூரை ஒழுகியது.
ஆயிரத்து நூறு கழித்து எடுத்தாள்.
அந்தக் கூரையிலிருந்து ஆளுக்கு நூற்றுப் பத்து
எங்கள் பைகளுக்குள்ளும் சொட்டியது.

வில்வராசா அவசரப்பட்டதே இல்லை.
இரண்டு பெற்றோல் செட், வாடகைக்கு மூன்று வீடு;
கடைசிச் சீட்டு வரைக்கும் காத்திருப்பார்.
பொறுத்தார் பூமி ஆள்வாராம்.
பொறுக்க வசதியுள்ளவர் என்பதில்
ஒரு சொல்லை யாரோ விழுங்கிவிட்டார்கள்.

மரிசெல்லுக்கு இது புதிதில்லை.
பிலிப்பைன்ஸில் இதன் பெயர் பலுவாகன்;
ஏலம் கிடையாது, முறை வைத்து எடுப்பார்களாம்.
"அப்ப அதுதான் கம்யூனிசம்" என்றார் தோழர்.
"முறையை வைக்கிறது யார்?" என்றாள் ஒலெனா.

ஒலெனா என்னோடு பெரோகித் தொழிற்சாலையில் நிற்பவள்.
எட்டு மணி நேரம் உருளைக்கிழங்குக் கொழுக்கட்டைகள்
எங்களைத் தாண்டி ஓடும், எவருடையதோ.
சோவியத் காலத்தில் அவள் தகப்பன் கடை மனேஜர்.
"எல்லாருக்கும் ஒரே வரிசை,
கடைக்கு மட்டும் இரண்டு கதவு.
தோடம்பழம் பின்கதவால் போகும்.
நானும் தின்றிருக்கிறேன்" என்றாள்,
"இனிப்பாகத்தான் இருந்தது."

அது உண்மையான பொதுவுடைமை இல்லை என்றார் தோழர்.
இங்கே இருப்பதும் உண்மையான முதலாளித்துவம் இல்லை,
வரி கட்டிப் பாரும், என்றார் வில்வராசா.
உண்மையானது எதையும்
எங்களில் ஒருவரும் இன்னும் காணவில்லைப் போலும்.
தட்டில் ஒரு வடை மிஞ்சியது.
அதையும் ஏலம் விட்டுச் சிரித்தோம்.

பிறகு பெப்ரவரி.
கிரிசாந்தியின் புருசன் வேலைத்தளத்தில் விழுந்து
ஆறு கிழமை.
அவள் சுவரைப் பார்த்து "முந்நூறு" என்றாள்.
அது தொடக்கம்தான்; ஆயிரத்துக்கு மேலும் போவாள்,
எல்லோருக்கும் தெரியும்.
பேனையைத் திறந்துகொண்டு காத்திருந்தேன்.
ஹீட்டர் இரைந்தது.
வில்வராசா பிஸ்கட்டைத் தேத்தண்ணிக்குள் தோய்த்து
அது கரைந்து விழும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.
தோழர் பேசாமல் இருந்ததை
அன்றுதான் கண்டேன்.
ஒலெனா மட்டும் "பூச்சியம்" என்றாள்,
நாங்கள் பழக்கிய பதினேழு தமிழ்ச் சொற்களில் ஒன்று.
ஒருவரும் மறுக்கவில்லை.
ஐயாயிரத்தையும் எண்ணி உறையில் போட்டேன்.

அந்த மௌனத்தை எந்தப் பக்கத்தில் எழுதுவது?
வரவிலா, செலவிலா?
கழிவுக் கட்டத்தை வெறுமையாய் விட்டேன்.

மார்ச்சில் மகனின் காருக்காகத்
தோழர் தொள்ளாயிரம் கழித்தார்,
மரிசெல் விடாமல் ஏற்றியதில்.
ஆளுக்குத் தொண்ணூறு.
நானும் வாங்கினேன்.
புதுச் சப்பாத்துக்குக் காணாமல் போனது
இன்னும் முப்பதுதான்.

மெயின் தெருவில் ஒரு ட்ராம் வண்டி
சரிந்தபடி சிலையாய் நிற்கிறது,
நூறு வருடத்துக்கு முந்திய வேலைநிறுத்தத்துக்காக.
பஸ் அதைக் கடக்கையில்
தோழர் தொப்பியைக் கழற்றுவார், எந்தக் குளிரிலும்.
நேற்றும் கழற்றினார். பக்கத்தில் நான்.
அவருடைய ஏப்ரல் காசு இன்னும் வரவில்லை.
தொப்பியைத் திரும்பப் போடும்வரை
நான் கேட்கவில்லை.